தூதர் வாங்கிக் கொடுத்த ஓட்டு

கேள்வி: லத்தீன் அமெரிக்க நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இடதுசாரிகளிடம் போயினவே, அமெரிக்கா இதை எப்படிப் பொறுத்துக்கொண்டது?
– ஒரு வாசகர், தேனி

பதில்: பொறுத்துக்கொண்டதே இல்லை. பிரச்சினையே அதுதான்.

பொலிவியாவின் 2002 தேர்தலைப் பாருங்கள். கோக்கா (கொக்கேய்ன் எடுக்கப்படும் இலை) விவசாயிகளின் தலைவர் ஈவோ மொராலஸ் அதிபர் பதவிக்குப் போட்டியிட்டார். வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு, அவரைத் தேர்ந்தெடுத்தால் அமெரிக்க உதவி நின்றுபோகும் என்று அமெரிக்கத் தூதர் மனுவேல் ரோச்சா பகிரங்கமாக எச்சரித்தார். இன்னொரு நாட்டுக்காரர் வந்து, யாருக்கு ஓட்டுப் போடுவது என்று உத்தரவு போட்டால் யாருக்குத்தான் ரோஷம் வராது? மொராலஸின் ஓட்டு ஏறியது. இரண்டு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் இரண்டாம் இடம். 2005-ல் பாதிக்கும் மேற்பட்ட ஓட்டு வாங்கி அதிபராகவே வந்துவிட்டார்.

ரோஷம் மட்டும் காரணமல்ல. 2000-ல் கொச்சபம்பா நகரத்தின் குடிநீர், அமெரிக்காவின் பெக்டெல் நிறுவனத்துக்குத் தொடர்புள்ள கம்பெனியின் கையில் இருந்தது. தண்ணீர்க் கட்டணம் தாறுமாறாக ஏறியது. ஜனங்கள் தெருவில் இறங்கிப் போராடித்தான் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்ய வைத்தார்கள். தண்ணீருக்காகத் தெருவுக்கு வந்தவர்களை மாஸ்கோவோ ஹவானாவோ தூண்டிவிட வேண்டியதில்லை.

குவாத்தமாலா கதை இன்னும் கொடுமை. மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் ஹாகோபோ அர்பென்ஸ் 1952-ல் நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்தார். அமெரிக்க வாழைப்பழ நிறுவனமான யுனைட்டெட் ஃப்ரூட் கம்பெனி தரிசாகப் போட்டிருந்த நிலத்தை எடுத்து, வரிக் கணக்கில் கம்பெனியே காட்டிய மதிப்பை நஷ்டஈடாகத் தர முன்வந்தார். அது சுமார் 6 லட்சம் டாலர். அமெரிக்க அரசு கேட்டதோ ஒன்றரைக் கோடிக்கும் மேல். 1954-ல் சிஐஏ அவரைக் கவிழ்த்தது. அப்புறம் 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர். செத்தவர்களும் காணாமல் போனவர்களுமாகச் சுமார் 2 லட்சம் பேர். ராணுவ அடக்குமுறைக்குத் துணைபோனது தவறு என்று அமெரிக்க அதிபர் கிளின்டன் 1999-ல் ஒப்புக்கொண்டார். அதற்குள் ஒரு தலைமுறையே அழிந்திருந்தது.

இடதுசாரி என்பதாலேயே ஒருவர் உத்தமராகிவிட மாட்டார். நிகரகுவாவில் 2021 தேர்தலுக்கு முன் எதிர் வேட்பாளர்களைச் சிறையில் தள்ளிய அதிபர் ஒர்தேகாவுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அவரை இறக்குவது நிகரகுவா மக்களின் உரிமை. வாஷிங்டன் முதலில் கியூபா மீது 1962-லிருந்து வைத்திருக்கும் வர்த்தகத் தடையை நீக்கட்டும். அந்தத் தடை காஸ்ட்ரோவை அசைக்கவில்லை. மருந்துக்கும் உதிரி பாகத்துக்கும் அல்லாடியது சாதாரணக் கியூபர்கள்தான்.