ஜெர்மனி போகும் மகளுக்கு 38,000 ரூபாய் கோட்: வாங்கலாமா?

கேள்வி: எங்கள் அம்மணிக்கு ஜெர்மனியில் ட்ரெஸ்டன் நகரில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அக்டோபரில் வகுப்பு தொடங்குகிறது. கோவையில் ஒரு கடையில் முழங்காலுக்குக் கீழே வரும் ஒட்டக நிறக் கம்பளி ஓவர்கோட் பார்த்தோம். விலை 38,000 ரூபாய். இத்தாலியத் துணி, பதினைந்து வருடம் உழைக்கும் என்கிறார் கடைக்காரர். விசா வேலை பார்க்கும் கன்சல்டன்சியில்தான் அந்தக் கடைக்கு அனுப்பினார்கள். முன்பணமும் கொடுக்கச் சொல்கிறார்கள். போன இடத்தில் பிள்ளை குளிரில் கஷ்டப்படக் கூடாது. வாங்கலாமா?
– ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: வாங்க வேண்டாம் அம்மா. இப்போது வேண்டாம், இங்கே வேண்டாம், கன்சல்டன்சி கைகாட்டிய கடையில் வேண்டவே வேண்டாம்.

இதைக் கஞ்சத்தனத்தில் சொல்லவில்லை. நல்ல கம்பளிக் கோட்டுக்குச் செலவழிப்பதை வீண் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். கம்பளி இழை தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. பாலியெஸ்டர் ஈரத்தை உள்ளே வாங்குவதே இல்லை. வியர்வை உடம்போடு நின்றுவிடும். நெய்த கம்பளியை வெந்நீரில் போட்டு அடித்து இறுக்கிய கனத்த துணிக்குள் காற்று எளிதில் நுழையாது. ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் லோடன் என்ற அத்தகைய துணியைத் தலைமுறை தலைமுறையாக அணிகிறார்கள். வடிவமும் சீக்கிரம் பழசாவதில்லை. மாக்ஸ் மாரா நிறுவனம் 1981இல் கொண்டுவந்த ஒட்டக நிறக் கோட்டை இன்றும் அதே வெட்டில் விற்கிறது. உங்கள் கடைக்காரர் காட்டுவதும் பெரும்பாலும் அந்தச் சாயலில் வெட்டியதாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்தக் கோட் வேலைக்குப் போகிறவர்களுக்கானது. கையில் பை, காரிலோ டிராமிலோ பயணம், உள்ளே போனதும் மாட்டி வைக்க ஹேங்கர் என்று இருப்பவர்களின் உடை அது. உங்கள் மகள் முதுகில் மடிக்கணினிப் பையோடு அலையப் போகிறாள். பையின் பட்டை உரசும் இடத்தில், இரு தோள்களிலும், முதல் குளிர்காலத்திலேயே துணி முடிச்சு முடிச்சாகத் திரண்டுவிடும். பிறகு அந்த இடம் மட்டும் மொட்டையாகத் தேய்ந்து பளபளக்கும். துணி எவ்வளவு மென்மையோ அவ்வளவு சீக்கிரம் தேயும். காஷ்மீர் (ஆட்டின் மென்மயிர்) கலந்தது என்று பெருமையாகச் சொன்னால் இன்னும் சீக்கிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் மாணவர்கள் நிறையப் பேர் சைக்கிளில் போகிறவர்கள். முழங்காலுக்குக் கீழே தொங்கும் கோட்டோடு சைக்கிள் மிதிக்க முடியாது. ட்ரெஸ்டன் குளிரும் நீங்கள் நினைப்பது போலக் கொட்டும் பனி மட்டும் அல்ல. ஜனவரியில் வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்யத்தைச் சுற்றியே நிற்கும். அதனால் பாதி நாள் பனியும் மழையும் கலந்த சேற்று ஈரம்தான். கம்பளிக் கோட் அதில் நனைந்தால் கனக்கும், காய நாளாகும், வீட்டு வாஷிங் மெஷினில் போட முடியாது.

பணக் கணக்கையும் பாருங்கள். ஜெர்மன் விசாவுக்காக நீங்கள் முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுண்ட்) வருடத்துக்கு 11,904 யூரோ போட்டிருப்பீர்கள். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் அவள் கைக்கு வரும். வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு எல்லாம் அதற்குள். 38,000 ரூபாய் என்பது அவளுடைய ஒரு மாதச் செலவுப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

இனி அந்தக் கன்சல்டன்சிக்கு வருகிறேன். விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதற்குக் கட்டணம் வாங்குகிறார்கள், சரி. அதோடு சிம் கார்டு, சூட்கேஸ், அந்நியச் செலாவணி, இப்போது கோட்! பெற்றோரின் பயம் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு கடை திறக்கிறார்கள். ஈரோட்டிலும் கோவையிலும் திருப்பூரிலும் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. ‘இந்தக் கடையில் வாங்குங்கள், எங்கள் பெயரைச் சொல்லுங்கள், தள்ளுபடி தருவார்கள்’ என்று சொன்னால் அந்தத் தள்ளுபடிக்கு முன்பே கமிஷன் விலையில் ஏறியிருக்கிறது என்று பொருள். மகளின் படிப்பைப் பற்றி அவர்களிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். துணியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காதீர்கள்.

‘இத்தாலியத் துணி’ என்ற சொல்லுக்கு மயங்குகிறவர்கள் நம்மூரில் அதிகம். இத்தாலியில் பிராட்டோ என்ற ஊர் இருக்கிறது. பழைய கம்பளி உடைகளைக் கிழித்துப் பஞ்சாக்கி மறுபடி நூற்பதுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து அந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த தொழில். நம் நாட்டில் பானிப்பட்டில் அதே வேலை நடக்கிறது. மேலை நாடுகளில் கழித்துக்கட்டிய கோட்டுகளும் ஸ்வெட்டர்களும் மூட்டை மூட்டையாக வந்து, பொத்தானும் ஜிப்பும் வெட்டப்பட்டு, நிறவாரியாகப் பிரிக்கப்பட்டு, கிழிபட்டு நூலாகின்றன. இது கெட்ட தொழில் அல்ல. மலிவுக் கம்பளம் நெய்ய நல்ல சரக்கு. ஆனால் ஒரு முறை கிழிபட்ட இழை குட்டையாகிவிடும். குட்டை இழைத் துணி சீக்கிரம் முடிச்சு விழும், சீக்கிரம் நையும். அதையும் கம்பளி என்று எழுதலாம், இத்தாலி என்றும் எழுதலாம். இரண்டும் பொய் ஆகாது. 38,000 ரூபாய்க்கு மட்டும் அது பெறாது.

திருப்பூர் சரக்கு என்று சொல்லி விற்கிறவர்கள் இன்னொரு கூட்டம். ‘எக்ஸ்போர்ட் மிச்சம், வெளிநாட்டில் ஆயிரம் யூரோ, இங்கே பத்தாயிரம் ரூபாய்’ என்பார்கள். திருப்பூர் பருத்திப் பின்னலாடை ஊர். காதர்பேட்டையில் டி சர்ட்டும் உள்ளாடையும் குழந்தைத் துணியும் நயமாகக் கிடைக்கும், நானும் வாங்குகிறேன். நெய்த கம்பளி ஓவர்கோட் நம் பக்கத்துத் தறியில் பிறப்பதில்லை. அதற்கான ஆலைகள் பஞ்சாபில் லூதியானா, அமிர்தசரஸ் பக்கம். திருப்பூரில் மிச்சமான கம்பளிக் கோட் என்று யாராவது காட்டினால் அது எங்கிருந்து மிச்சமானது என்று கேளுங்கள், பதில் வராது.

பல்லைப் பிடித்துப் பார்க்காமல் புளியம்பட்டிச் சந்தையில் யாரும் மாடு வாங்குவதில்லை. கோட்டுக்கும் அந்தப் பார்வை வேண்டும். உள்பக்கத் தையலில் இழைச் சதவீதம் அச்சிட்ட துண்டு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ‘உல்லன் பிளெண்ட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். 80 சதவீதம் கம்பளி, 20 சதவீதம் பாலிஅமைடு (நைலான்) என்றால் நல்லது. அந்த இருபது உறுதிக்காகச் சேர்ப்பது. பாதிக்கு மேல் பாலியெஸ்டரோ அக்ரிலிக்கோ இருந்தால் அது கோட் வடிவில் தைத்த போர்வை. நூல் சுற்றிய கண்டு போன்ற உல்மார்க் சின்னம் 1964 முதல் இருக்கிறது. முழுக்கப் புதுக் கம்பளிக்கு ஒரு சின்னம், பாதிக்கு மேல் கம்பளியுள்ள கலப்புக்கு வேறொன்று. காகித அட்டையில் தொங்குவதை நம்பாதீர்கள், யாரும் அச்சடிக்கலாம்.

சந்தேகம் தீரவில்லை என்றால், மடித்துத் தைத்த கீழ் விளிம்பின் உள்ளேயிருந்து இரண்டு நூல் பிய்த்துத் தரச் சொல்லுங்கள். வெளியே வந்து தீக்குச்சியில் காட்டுங்கள். கம்பளி தயங்கித் தயங்கி எரியும், முடி கருகிய நாற்றம் வரும், சாம்பலை விரலில் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கருத்த மணியாகக் கெட்டிப்படும். இரண்டும் சேர்ந்து வந்தால் கலப்பு. நூல் தர மறுக்கும் கடைக்காரர் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார்.

இத்தனையும் ஒரு தாய் தீப்பெட்டியோடு நின்று செய்ய வேண்டியிருப்பதுதான் எனக்கு எரிச்சல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011ஆம் ஆண்டின் 1007ஆம் எண் ஒழுங்குமுறைப்படி இழைச் சதவீதம் எழுதாமல் துணி விற்கவே முடியாது. இங்கே 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட ஆடைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. வாங்கத் தெரிகிறது, உள்ளே என்ன இழை என்று கடைக்குக் கடை போய்ப் பார்க்க ஆள் இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில்லில் கெடு எதுவும் சொல்லாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். நல்ல சட்டம்தான். ஆகஸ்டில் வாங்கிய கோட்டின் குறை டிசம்பரில் ட்ரெஸ்டனில் தெரியும்போது அந்த 30 நாள் எங்கே போயிருக்கும்?

ஆகவே அங்கே வாங்கட்டும். முதல் குளிர்காலத்துக்கு இடுப்புக்குக் கீழே வரும், தலைமூடியுள்ள, தண்ணீர் புகாத, செயற்கைப் பஞ்சு வைத்த ஜாக்கெட் போதும். அக்டோபரில் போய் இறங்கியதும் நூறு யூரோவுக்குள் வாங்கிவிடலாம். வாஷிங் மெஷினில் துவைக்கலாம், பைப் பட்டை உரசினாலும் கவலையில்லை. படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாத அனுமதி தருகிறார்கள். வேலை கிடைத்து அங்கே தங்குவாள் என்று தெரியும்போது நல்ல கோட் வாங்குவதற்கு அர்த்தம் வரும். இரண்டு வருடத்தில் திரும்பி வந்தால் அதைக் கோபியில் என்ன செய்வீர்கள்? பீரோவில் அடைத்தால் நம் மழைக்காலப் பூஞ்சணமும் கம்பளியை அரிக்கும் பூச்சியும் பார்த்துக்கொள்ளும்.

வாங்கும்போது ஜனவரிக் கடைசியில் வாங்கச் சொல்லுங்கள். குளிர்காலச் சரக்கை அப்போது கழித்துவிடப் பார்ப்பார்கள், விலை நன்றாக இறங்கும். லேபிளில் ‘ஓபர்ஷ்டோஃப்’ என்று இருக்கும் வரிதான் வெளித்துணி. ‘ஃபுட்டர்’ உள் லைனிங். வெளித்துணி வரியில் ‘ஷூர்வொல்லெ’ என்று இருந்தால் புதுக் கம்பளி, வெறும் ‘வொல்லெ’ என்றால் மறுசுழற்சியாகவும் இருக்கலாம். உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும். தோள்தையல் தோள்முனையில் நிற்க வேண்டும். கை நீளத்தைக் குறைக்கலாம், பொத்தானை நகர்த்தலாம், தோளைத் திருத்துவது கோட்டையே பிரித்துத் தைப்பதற்குச் சமம். ஆன்லைனில் வாங்கினால் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பும் உரிமையும் அங்கே உண்டு.

ஒரே ஒரு விலக்கு இருக்கிறது. உங்கள் மகளின் உயரம் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் இதை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். ஜெர்மன் பெண்கள் அளவு ஏறக்குறைய 168 சென்டிமீட்டர் உயரத்தை மனதில் வைத்து வெட்டுவது. நம் பெண்கள் பலர் 150, 155தான். அங்கே 36 அளவுக் கோட்டில் தோள் சரியாக நின்றாலும் கை விரல்நுனி வரை தொங்கும், இடுப்பு வளைவு இடுப்பெலும்பில் வந்து நிற்கும், கோட்டின் பாக்கெட் கை எட்டாத இடத்தில் இருக்கும். குட்டை உயரக்காரர்களுக்குத் தனி அளவு உண்டு, எண் பாதியாக இருக்கும்: 38க்கு 19, 36க்கு 18. எல்லாக் கடையிலும் வைப்பதில்லை, கேட்க வேண்டும். ஒல்லியான பெண் என்றால் இன்னும் எளிய வழி சிறுவர் பிரிவு. அங்கே குழந்தைகள் அளவு எண்ணே உயரம்தான். 152, 158, 164 என்று பார்த்து எடுக்கலாம், விலையும் குறைவு.

உயரம் குறைவாகவும் தோளோ மார்போ அகலமாகவும் இருந்தால் இந்த இரண்டு வழியும் உதவாது. அப்படிப்பட்டவருக்கு மட்டும், படிப்பு முடிந்து விடுமுறைக்கு வரும்போது கோவையில் கோட் தைப்பதையே தொழிலாக வைத்திருக்கும் டெய்லரிடம் அளவு கொடுத்துத் தைத்துக்கொள்ளச் சொல்வேன். துணியை நீங்களே வாங்குங்கள். நம் கடைகளில் கோட் துணி என்று எடுத்துப் போடுவது பெரும்பாலும் சூட் துணி. 150 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு மீட்டர் துணியைத் தராசில் வையுங்கள். 500 கிராமுக்குக் குறைந்தால் ஓவர்கோட்டுக்கு ஆகாது. சாதாரண சூட் துணி அதில் ஏறக்குறைய பாதிதான் நிற்கும். வெட்டுவதற்கு முன் துணிக்கு ஆவி கொடுத்துச் சுருக்கம் எடுக்கச் சொல்லுங்கள். மார்புப் பக்கம் உள்ளே விறைப்புக்கு வைக்கும் கேன்வாஸ் துணியைப் பசையால் ஒட்டாமல் கையால் தைத்த கேன்வாஸ் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். பசை விட்டால் நாலைந்து சலவையில் முன்பக்கம் குமிழ் குமிழாக எழும்பும். கூலி கூடத்தான் வரும், கொடுங்கள். முதல் ஒட்டுத்தையல் பார்க்கும் நாளில், கோபி வெயிலாக இருந்தாலும், ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போகட்டும்.

கனடாவில் வின்னிபெக் போன்ற ஊருக்குப் போகிறவர்கள் இதைப் படித்து முடிவெடுக்க வேண்டாம். அங்கே வாத்திறகு நிரப்பிய கோட் இல்லாமல் வெளியே தலைகாட்ட முடியாது.

இங்கிருந்து என்ன கொடுத்தனுப்பலாம் என்று கேட்பீர்கள். மெரினோ என்ற மெல்லிய கம்பளியில் இரண்டு உள்ளாடை ஜோடி, ஒரு கனத்த ஸ்வெட்டர், கம்பளிக் காலுறை நாலைந்து போதும். திருப்பூர்க்காரர்கள் பருத்தி தெர்மல் பத்து ஜோடி கட்டித் தருவார்கள், வாங்காதீர்கள். பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். வகுப்பறைகள் எல்லாம் சூடேற்றியவை. உள்ளே வியர்த்து வெளியே வந்தால் அந்த ஈரம்தான் நடுக்கும். ஷூவும் அங்கேயே வாங்கட்டும்.

முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டிருந்தால், கோட்டின் இழைச் சதவீதத்தைப் பில்லில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் அந்த மறுப்பையே காரணமாகச் சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். கன்சல்டன்சி மூலமாகக் கேட்க வேண்டாம், நேரே கடை முதலாளியிடம் கேளுங்கள்.