அப்பாவின் வைப்புத்தொகையை நம்பி மலாவிக்குப் புறப்படலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது, லேப் டெக்னீஷியனாகப் பணிபுரிகிறேன். மனைவி செவிலியர். மகளுக்கு 9 வயது. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் உள்ள ஒரு மிஷன் மருத்துவமனையில் 5 ஆண்டுகள் ஊழியம் செய்ய ஒப்புக்கொடுத்திருக்கிறோம். இன்னும் இரண்டு மாதங்களில் புறப்பட வேண்டும். மூன்று மாதங்களுக்கு முன் என் அப்பா திடீரென மாரடைப்பால் காலமாகிவிட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியரான அவர் உயில் எழுதவில்லை. அவர் பெயரில் வங்கியில் ரூ.24 லட்சம் வைப்புத்தொகையும் (நாமினி நான்), பாளையங்கோட்டையில் ஒரு வீடும் உள்ளன. அம்மாவுக்கு 64 வயது. குடும்ப ஓய்வூதியம் ரூ.18,000 வருகிறது. தங்கை திருமணமாகிக் கோவையில் இருக்கிறாள். எங்களுக்கு மாதம் ரூ.80,000 தேவை என்று எங்களை அனுப்பும் அமைப்பு கணக்கிட்டுள்ளது. அப்பா தருவதாகச் சொல்லியிருந்த ரூ.15,000 நின்றுபோனதால், இப்போது கையில் உள்ள வாக்குறுதிகள் ரூ.55,000 மட்டுமே. தனிநபர் கடன் ரூ.3 லட்சம் பாக்கி. அந்த 24 லட்சத்தில் கடனை அடைத்து, மாதாந்தரக் குறையையும் ஈடுகட்டி, அப்பா அடிக்கடி சொன்னபடி ரூ.5 லட்சத்தை மிஷனுக்குக் காணிக்கையாகக் கொடுக்கலாமா? “எனக்காக நிற்காதே, போ” என்கிறார் அம்மா. இப்போதைக்கு அப்பாவின் ஏடிஎம் அட்டையை வைத்துத்தான் வீட்டுச் செலவு நடக்கிறது.
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். உங்களைத் தாங்குவதாக முதலில் கை நீட்டியவரே இல்லாமல் போன நிலையிலும் புறப்பாட்டைக் கைவிடாமல் இருக்கிறீர்கள். அந்த உறுதியை மதித்தே இதை எழுதுகிறேன். உங்கள் திட்டத்தைக் கூட்டிப் பார்த்தேன். கடனுக்கு 3 லட்சம், காணிக்கைக்கு 5 லட்சம், மாதம் 25,000 வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு 15 லட்சம். ஆக மொத்தம் 23 லட்சம். அப்பாவின் சேமிப்பு ஏறத்தாழ முழுவதும் இதற்கே போய்விடும். ஆனால் அந்தப் பணம் முழுவதும் உங்களுடையது அல்ல.

நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்று, சட்டப்படியான வாரிசுகளிடம் சேர்க்கும் பொறுப்பாளர் மட்டுமே. உயில் இல்லாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்துக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதன்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், மீதமுள்ள இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு, மகன் மகள் என்ற வேறுபாடின்றிச் சமமாகவும் சேரும். உங்கள் குடும்பத்தில் அது அம்மாவுக்கு 8 லட்சம், உங்களுக்கு 8 லட்சம், தங்கைக்கு 8 லட்சம். வீட்டுக்கும் இதே கணக்குதான். தங்கை தன் பங்கு வேண்டாம் என்று சொன்னாலும், அது அவர் யோசித்து எழுத்தில் தர வேண்டிய முடிவு. அண்ணன் ஊழியத்துக்குப் போகிறார் என்ற உருக்கத்தில் அவர் வாய் திறக்கத் தயங்கும் நிலையை நீங்கள் உண்டாக்கிவிடக் கூடாது.

அப்பா வாய்மொழியாகச் சொன்ன விருப்பம் சட்டத்தின் பார்வையில் உயில் ஆகாது. அதை நிறைவேற்ற நினைப்பது நல்ல மனம்தான். ஆனாலும் ஓராண்டு பொறுங்கள் என்பேன். துக்கம் பசுமையாக இருக்கும்போது கொடுக்கும் பெருந்தொகையைப் பிறகு திரும்பக் கேட்க எவராலும் முடியாது. ஓராண்டு கழித்து மூவரும் ஒன்றாக அமர்ந்து, அவரவர் பங்கிலிருந்து மனமுவந்து கொடுத்தால் அது அப்பாவின் பெயருக்கும் கனமானது.

ஏடிஎம் அட்டையைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட வரிதான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. இறந்தவரின் கணக்கிலிருந்து அவருடைய அட்டையால் பணம் எடுப்பது, குடும்பத்துக்குள்ளேயே நடந்தாலும், முறையானதல்ல, இன்றே நிறுத்திவிடுங்கள். இறப்புச் சான்றிதழுடன் வங்கிக்குத் தகவல் கொடுத்து, அம்மாவின் ஓய்வூதியம் அவர் பெயரிலுள்ள கணக்கில் வருவதை உறுதிசெய்யுங்கள். அப்பாவின் கைபேசி எண்ணுக்குத்தான் இன்னமும் கேஸ் முன்பதிவு, மின் கட்டணம், வங்கிக் குறுஞ்செய்தி எல்லாம் போய்க்கொண்டிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக அம்மாவின் எண்ணுக்கு மாற்றி, ஓடிபி வந்தால் என்ன செய்வது, யாரிடம் சொல்லக் கூடாது என்பதை அவர் பக்கத்தில் அமர்ந்து பழக்குங்கள். மலாவியிலிருந்து இதைத் தொலைபேசியில் சொல்லிக்கொடுப்பது கடினம்.

வட்டாட்சியர் அலுவலகத்தின் வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் உடனே விண்ணப்பியுங்கள். பட்டா மாற்றத்துக்கு அதைக் கேட்பார்கள். வீட்டை இப்போது விற்க வேண்டாம். அம்மா குடியிருக்கும் வீடு அது. நீங்கள் இல்லாதபோது கையெழுத்து தேவைப்படும் வேலைகளுக்காக, தங்கையின் பெயரில், செய்ய வேண்டியவற்றை மட்டும் குறிப்பிடும் ஒரு பவர் பத்திரத்தைப் புறப்படும் முன்பே பதிவு செய்யுங்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு எழுதினால் இந்தியத் தூதரகச் சான்று, இங்கு வந்தபின் முத்திரைக் கட்டணம் என்று அலைச்சல் கூடும்.

அம்மாவின் 8 லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அவர் பெயரில் போடலாம். வட்டி 8.2 சதவீதம் என்றால் காலாண்டுக்கு ரூ.16,400 அவர் கணக்குக்கு வரும். அப்பா, அம்மா இருவருக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு இருந்திருந்தால், அதை அம்மாவின் பெயரில் தொடர்ந்து புதுப்பியுங்கள். காலாவதியாக விட்டுப் புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க நேரிடும். “போ” என்று அம்மா சொல்வது அவருடைய விசுவாசம். அவருக்கு மாத வருமானத்தையும் மருத்துவச் செலவையும் உறுதி செய்வது உங்கள் கடமை.

உங்கள் 8 லட்சத்தில் 3 லட்சத்தைக் கொடுத்துக் கடனை அடைத்துவிடுங்கள். மீதி 5 லட்சத்தை மாதாந்தரக் குறைக்குப் பயன்படுத்தினால் 20 மாதங்களில் தீர்ந்துவிடும். அதன்பின் ஊழியத்தின் நடுவில் பணமில்லாமல் நிற்பீர்கள். அந்தத் தொகை, அம்மாவுக்கு உடல்நலம் குன்றினால் மூவரும் அடுத்த விமானத்தில் திரும்பி வருவதற்கான பணமாக அப்படியே இருக்கட்டும். குறையும் 25,000 ரூபாய்க்குச் சபைகளையும் நண்பர்களையும் சந்தித்துப் புதிய வாக்குறுதிகளைத்தான் திரட்ட வேண்டும். அது நிறைவடையாவிட்டால், பயணத்தை மூன்று மாதம் தள்ளிவைக்க மருத்துவமனையிடம் கேளுங்கள். துக்க வீட்டிலிருந்து வருபவருக்கு அந்த அவகாசத்தைத் தயங்காமல் தருவார்கள் என்று நம்புகிறேன்.

ஆதரவுப் பணம் உங்கள் சொந்தக் கணக்குக்கு நேரடியாக வருவதைத் தவிருங்கள். உறவினர் அல்லாதவர்கள் தரும் அன்பளிப்புகள் ஒரு நிதியாண்டில் ரூ.50,000-ஐத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வருமான வரி உண்டு. அனுப்பும் அமைப்பின் வழியாக வந்து, அவர்கள் உங்களுக்கு ஊதியமாகத் தருவதே சரியான முறை. மலாவியில் உள்நாட்டு நாணயத்தில் சேமித்து வைக்காதீர்கள்: 2023 நவம்பரில் ஒரே அறிவிப்பில் ஒரு டாலரின் விலை சுமார் 1,180 குவாச்சாவிலிருந்து 1,700 குவாச்சாவாக உயர்ந்தது. புறப்பட்டபின் இங்குள்ள உங்கள் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) இருந்தால் முதிர்வு வரை தொடரலாம், நீட்டிக்க முடியாது.

இருவரும் டேர்ம் காப்பீடு (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுங்கள். எந்த நாட்டுக்கு, எந்த வேலைக்குப் போகிறீர்கள் என்பதை விண்ணப்பத்தில் ஒளிக்காமல் எழுதுங்கள். கூடவே, அப்பா எழுதாமல் விட்டதை நீங்கள் எழுதுங்கள்: மகளுக்குக் காப்பாளர் யார் என்பதைக் குறிப்பிட்டு ஆளுக்கோர் உயில். இரண்டு சாட்சிகள் போதும். ஆனால் சாட்சிக் கையெழுத்திடுபவருக்கோ அவருடைய வாழ்க்கைத் துணைக்கோ உயிலில் ஏதேனும் எழுதியிருந்தால், கிறிஸ்தவர்களைப் பொறுத்தவரை அந்தப் பகுதி செல்லாது. ஆகவே தங்கையையும் அவர் கணவரையும் சாட்சியாகப் போடாமல், சபையில் நம்பகமான வேறு இருவரைக் கேளுங்கள்.