பிடுங்கப் பிடுங்க வரும் கோரை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கோரையைப் பற்றியவை. ஆச்சரியமில்லை. 90க்கும் மேற்பட்ட நாடுகளில் களையாகப் பதிவான செடி இது.

முளைத்திருப்பது புல்லா, கோரையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பூத்தண்டை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டுங்கள். கோரை என்றால் வழுவழுவென்று உருளாது. முப்பட்டைத் தண்டு விரலில் இடறும். புல்லுக்கு உள்ள கணுக்களும் அதில் இருக்காது. பூங்கொத்து செம்பழுப்பாக இருந்தால் சைப்பெரஸ் ரொட்டண்டஸ்; மஞ்சள் கலந்திருந்தால் அதன் பங்காளி சைப்பெரஸ் எஸ்குலெண்டஸ். கீழே வரும் பதில்கள் முதலாவதற்கு. பாய் முடையும் கோரை இன்னொரு பங்காளி. அதன் மேல் பழி போட வேண்டாம்.

ரொட்டவேட்டர் ஓட்டிய பிறகு முன்பைவிட அடர்த்தியாக வந்துவிட்டதே?

வரத்தான் செய்யும். ஒரு மண்வெட்டி மண்ணைக் கட்டியாகப் பெயர்த்து, வாளித் தண்ணீரில் மெல்லக் கரைத்துப் பாருங்கள். கறுத்த கம்பி போன்ற வேர்த்தண்டில், கோத்த மணிகளாகக் கிழங்குகள் தொங்கும். பழுப்புத் தோல், நார் மீசை, நறுக்கினால் உள்ளே வெள்ளை, கூடவே ஒரு மருந்து வாசம்.

இந்தக் கோவையில் எல்லாக் கிழங்கும் ஒரே நேரத்தில் முளைப்பதில்லை. முளைத்து நிற்கும் கிழங்கு மற்றவற்றை அடக்கித் தூங்க வைத்திருக்கும். ரொட்டவேட்டரின் கத்திகள் அந்தக் கம்பியைத் துண்டுதுண்டாக வெட்டியதும் அந்த அடக்குமுறை போய்விடுகிறது. தூங்கிய ஒவ்வொன்றும் தனிக்குடித்தனம் தொடங்கும். போதாததற்கு, ஒரு மூலையில் இருந்ததை இயந்திரம் வயல் முழுக்க இழுத்துப் போயிருக்கும்.

கையால் பிடுங்கியே ஒழிக்க முடியுமா?

சிறிய இடமென்றால் முடியும். ஆனால் நாள் கணக்கு தவறக் கூடாது. தளிர் வெளியே வந்து 4 முதல் 6 வாரத்தில் புதுக் கிழங்கு கட்டத் தொடங்கும். அதனால் ஐந்தாறு இலை விடுவதற்குள், கோடையில் 2 அல்லது 3 வாரத்துக்கு ஒருமுறை எடுத்துவிட வேண்டும். முற்றிய கிழங்கு 10, 12 தடவைகூடத் திரும்ப முளைக்கும். ஒவ்வொரு முறையும் சேமிப்பு கரைந்து தளிர் மெலியும். நடுவில் ஒரு மாதம் விட்டுவிட்டால் செய்த வேலையெல்லாம் வீண். இரண்டு பருவமாவது தொடரத் தயாரில்லை என்றால் தொடங்காமல் இருப்பதே மேல் என்பேன்.

கறுப்புப் பிளாஸ்டிக் தாளையே குத்திக்கொண்டு வருகிறதே!

இருட்டில் வளரும் தளிர் விரியாது. ஊசிபோல் சுருண்டபடியே மேலேறித் தாளைத் துளைக்கும். ஒளி ஊடுருவும் தாளின் கீழே அதே தளிர் வெளிச்சம் பட்டதும் இலை விரித்துவிடும். முனை மழுங்கி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். நல்ல வெயிலில் அங்கேயே வெந்தும் போகும். ஆழத்துக் கிழங்குகள் தப்பும் என்பதால் இதை முழுத் தீர்வாக நம்ப வேண்டாம். நிரந்தர மூடாக்குக்கு நெருக்கமாக நெய்த களைவிரிப்பு தேவலை.

விதையால் பரவுமா?

மிகக் குறைவு. பெரும்பாலும் கிழங்குதான்: வாங்கி வந்த மண், நாற்றின் அடிமண், கழுவாத மண்வெட்டி.

களைக்கொல்லி?

இலையை மட்டும் கருக்குபவை வீண். கிளைபோசேட் போல உள்ளே இறங்குபவை, செடியோடு இணைந்த கிழங்குவரை போகும். அறுந்து தனியாகத் தூங்கும் கிழங்கைத் தொடாது. எனவே அடிப்பதற்கு முன் கொத்தாதீர்கள். உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நிழலும் நல்ல ஆயுதம். கோரைக்கு நிழல் ஆகாது. சீக்கிரம் தழைத்து மூடும் பயிரின் அடியில் அது சோர்ந்துவிடும்.

தோண்டிய கிழங்கை எருக்குழியில் போடலாமா?

நான் போட்டேன். மறுவருடம் அந்த எருவை நான்கு பாத்திகளுக்கு இறைத்து, நான்கிலும் கோரை அறுவடை செய்தேன். வெயிலில், கட்டாந்தரையில் பரப்பிச் சுக்காகக் காயவிடுங்கள். ஒன்றிரண்டை நறுக்கிப் பாருங்கள். உள்ளே இன்னும் வெள்ளையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது.

முத்தக்காசு என்கிற இந்தக் கோரைக்கிழங்கு மருந்தாயிற்றே, ஓர் ஓரத்தில் விட்டு வைக்கலாமா?

தொட்டியில் வையுங்கள், தொட்டியைச் சிமெண்ட் தரையில் வையுங்கள்.