புழு அரித்த காய் என்றால் மருந்து அடிக்காதது என்று நம்பி வாங்கலாமா?

நம்ப முடியாது. பல நேரம் புழுவைக் கண்ட பிறகுதான் மருந்தே அடிப்பார்கள். புழு செத்துவிடும், ஓட்டை அப்படியே இருக்கும். உயிரோடு புழு நெளிந்தாலும், பூஞ்சைக்கொல்லி அடித்திருக்கலாம். அது புழுவை ஒன்றும் செய்யாது. பளபளப்பு, அளவு, நிறம் எதை வைத்தும் கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை.

அப்புறம் லேபிள். இயற்கை வேளாண்மைச் சான்று என்றால் மருந்தே படவில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். அது தடுப்பது செயற்கை மருந்துகளைத்தான். கந்தகம், செம்பு உப்புகள், ஸ்பைனோசாட் (நுண்ணுயிரிலிருந்து எடுக்கும் பூச்சிக்கொல்லி) போன்றவற்றுக்கு அதிலும் அனுமதி உண்டு. 'எச்சமற்றது' (மருந்து மிச்சம் இல்லாதது) என்ற லேபிள் வேறு கதை. செயற்கை மருந்தே அடித்திருப்பார்கள். அறுவடைக்கு முன் விடவேண்டிய நாட்களை விட்டு, சோதனையில் பிடிபடாத அளவுக்கு இறங்கிய பிறகு பறித்திருப்பார்கள். இப்படி விற்பவரிடம் ஆய்வக அறிக்கை கேளுங்கள். அதில் தேதியும் எத்தனை மருந்துகளுக்குச் சோதித்தார்கள் என்பதும் முக்கியம். 20 மருந்துகளுக்கு மட்டும் சோதித்த அறிக்கை, 21வதைப் பற்றி எதுவும் சொல்லாது.

கழுவினால் போகுமா? தோல்மேல் இருப்பது பெரும்பாலும் போகும். 2017இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளை வைத்துச் செய்த ஆய்வில், 1 சதவீத சமையல் சோடா கரைசல், ஆப்பிள்மேல் பூசிய தயாபெண்டசோல் என்ற பூஞ்சைக்கொல்லியில் சுமார் 80 சதவீதத்தை 12 நிமிடத்திலும், பாஸ்மெட் என்ற பூச்சிக்கொல்லியில் சுமார் 96 சதவீதத்தை 15 நிமிடத்திலும் நீக்கியது. வீட்டுக் கணக்கில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம், அதாவது தலைதட்டி இரண்டு தேக்கரண்டி. சும்மா முக்கி எடுத்தால் பலன் குறைவு. நேரம்தான் வேலை செய்கிறது. பிறகு ஓடும் தண்ணீரில் தேய்த்து அலசுங்கள். சோப்பு வேண்டாம், தோலின் நுண்துளைகளில் தங்கிவிடும். சமைக்கும்போதோ சாப்பிடும்போதோ கழுவினால் போதும். முன்கூட்டியே கழுவி ஈரத்தோடு வைத்தால் அழுகும்.

தோலுக்குள் இறங்கியதை இந்தக் கரைசலும் எடுக்காது. இமிடாகுளோப்ரிட் மாதிரி ஊடுருவும் மருந்துகள் செடியின் சாற்றோடே ஓடுபவை, கழுவுவது அவற்றிடம் பலிக்காது. தோல் சீவினால் ஓரளவு குறையும், நார்ச்சத்தும் கூடவே போகும்.

இந்த லேபிள்களுக்குக் கூடுதல் விலை கொடுப்பதானால் கீரை, ஸ்ட்ராபெர்ரி, திராட்சை மாதிரி தோலோடு, இலையோடு சாப்பிடுபவற்றுக்குக் கொடுங்கள். வெங்காயம், அன்னாசி, அவகாடோவுக்கு அந்தக் காசு வீண்.