'நம்ம பசங்கதானே' என்னும் முதலாளிகளுக்கு: கேள்வி-பதில்

தொழிலாளர் சட்டம், வேலையிடப் பாதுகாப்பு பற்றி நெல்லைப் பக்கத்துச் சின்ன முதலாளிகள் கேட்டவற்றில் சில இங்கே. பாதிப் பேர் 'எல்லாம் நம்ம பசங்கதான்' என்று எழுதியிருக்கிறார்கள். பாசத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது எந்த ரெஜிஸ்டரிலும் ஏறாது.

டவுனில் அல்வாக் கடை வைத்திருக்கிறேன். கடையில் 7 பேர், பின்னால் அடுப்படியில் 4 பேர். அடுப்படிக்காரர்களுக்குத் தினக்கூலிதான். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கட்ட வேண்டுமா?

கட்டத்தான் வேண்டும் அண்ணாச்சி. மாதச் சம்பளமா தினக்கூலியா என்று சட்டம் பார்ப்பதில்லை. கடையும் அடுப்படியும் சேர்த்து 11 பேர். 10 பேர் இருந்தாலே போதும். பதிந்த பிறகு ஆள் குறைந்து 8 பேர் ஆனாலும் விலக முடியாது. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு இது பொருந்தும். 12,000 வாங்குகிறவருக்கு உங்கள் பங்கு 3.25 சதவீதம், அதாவது 390 ரூபாய். அவர் பங்கு 0.75 சதவீதம், 90 ரூபாய்.

அல்வா கிண்டுகிறவருக்குக் கொதிக்கும் நெய் பட்டுக் கை வெந்து, ஒரு மாதம் வேலைக்கு வர முடியவில்லை என்று வையுங்கள். சராசரிக் கூலியில் 90 சதவீதத்தை இஎஸ்ஐ கொடுக்கும், வைத்தியமும் அவர்கள் பொறுப்பு. வேலைக்கு வரும் வழியில் நடக்கும் விபத்துக்கும் உண்டு. அவர் தனியாக உங்களிடம் நஷ்டஈடு கேட்கவும் முடியாது. பதியாமல் விட்டிருந்தால் கதை வேறு: இஎஸ்ஐ கொடுப்பதை உங்களிடமிருந்து வசூலிக்க வழி இருக்கிறது. விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் அறிக்கை போட்டுவிடுங்கள். 'சின்னக் காயம்தானே' என்று விடுவதில்தான் பாதி வம்பு வருகிறது.

அம்பாசமுத்திரம் பக்கம் ரைஸ்மில். நெல் ஊறிய தண்ணீர் போய்ச் சேரும் குழியை வருஷத்துக்கு ஒருமுறை ஆள் இறங்கிச் சுத்தம் செய்வார். கற்பூரம் கொளுத்தி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறோம். போதுமா?

போதாது. உடனே நிறுத்துங்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நெல் ஊறிய தண்ணீர் தேங்கிப் புளித்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷ வாயு உண்டாகும். கற்பூரம் எரிந்தால் அங்கே பிராணவாயு இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். விஷ வாயு இருப்பதை அது காட்டாது. அதோடு மீத்தேனும் சேர்ந்திருந்தால் நெருப்பே குழியை வெடிக்க வைத்துவிடும். மூக்கையும் நம்ப வேண்டாம். அழுகிய முட்டை நாற்றம் முதலில் வரும், வாயு கூடினால் மோப்பமே மரத்துவிடும். 'நாற்றம் போய்விட்டது' என்று இறங்குகிறவர்தான் விழுகிறார். விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் குதிக்கிறார், அப்புறம் அவரைத் தூக்க இன்னொருவர். இப்படிக் குழிகளில் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று பேர் சாவது இதனால்தான்.

முதல் வழி, ஆளை இறக்காமலே மோட்டார் வைத்து வெளியிலிருந்து உறிஞ்சி எடுப்பது. இறங்கியே ஆக வேண்டும் என்றால் ப்ளோயர் வைத்துக் காற்றோட்டம் கொடுத்து, கேஸ் மீட்டரால் அளந்து, இடுப்புவாரும் கயிறும் கட்டித்தான். மேலே ஒருவர் நின்று கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும், அவர் என்ன ஆனாலும் உள்ளே இறங்கக் கூடாது. தூசிக்குக் கட்டும் மாஸ்க் வாயுவைத் தடுக்காது. யாராவது விழுந்துவிட்டால் தீயணைப்புத் துறைக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108. காண்டிராக்டரின் ஆள் என்று ஒதுங்கவும் முடியாது, மில் உங்களுடையது.

எங்கள் அலுவலகத்தில் 14 பேர், அதில் 2 பேர்தான் பெண்கள். பாலியல் தொல்லைப் புகாருக்குக் கமிட்டி வேண்டுமா?

வேண்டும். 2013 சட்டப்படி ஆண், பெண் சேர்த்து 10 பேர் இருந்தாலே கமிட்டி அமைக்க வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம்.

ஜவுளிக்கடையில் பெண்களுக்கு ஸ்டூல் போட்டால் வாடிக்கையாளர் வரும்போது எழுந்திருக்க மாட்டார்கள் என்கிறார் என் மேனேஜர்.

எழுந்திருப்பார்கள். தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 2021 திருத்தப்படி கடைகளில் உட்கார வசதி செய்து தருவது உங்கள் கடமை. நாள் முழுக்க நின்று கால் நரம்பு புடைத்துப் போவதை மேனேஜர் ஒரு வாரம் நின்று பார்த்துவிட்டுப் பேசட்டும்.

பேட்டையில் மரக்கடை, 15 பேர் வேலை. 11 வருஷம் 7 மாதம் இருந்தவர் நின்றுவிட்டார், கடைசிச் சம்பளம் 13,000. தீபாவளிக்கெல்லாம் நிறையச் செய்திருக்கிறேன், கிராஜுவிட்டியில் (பணிக்கொடையில்) கழிக்கலாமா?

கழிக்க முடியாது. நீங்கள் செய்தது உங்கள் நல்ல மனசு, கிராஜுவிட்டி அவருடைய பாக்கி. கடனுக்காகக் கோர்ட்டு கூட அதை ஜப்தி செய்ய முடியாது. கணக்கு இப்படி: 6 மாதம் தாண்டியதால் 12 வருஷம். 13,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 7,500, அதை 12-ஆல் பெருக்கினால் 90,000 ரூபாய். இந்த 13,000 என்பது அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்தது என்று எடுத்துக்கொள்கிறேன். அடிப்படையைக் குறைத்து, அலவன்ஸை ஏற்றிக் காட்டும் வழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில், சம்பளத்தில் பாதிக்கு மேல் போகும் படிகள் கணக்கில் சேர்ந்துவிடும். பணத்தை 30 நாளுக்குள் கொடுங்கள், தாண்டினால் வட்டியும் சேரும்.