குழி தோண்டிப் பார்த்தீர்களா?

கேள்வி: மனை வாங்கியிருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் நான்கு அடி ஆழத்தில்தான் அஸ்திவாரம் போட்டாராம், பத்து வருடமாக ஒரு விரிசல்கூட இல்லை. நாங்களும் அதே ஆழம் போட்டால் போதாதா? மண் பரிசோதனைக்குத் தனியாகச் செலவு செய்யத்தான் வேண்டுமா?

பதில்: செய்யத்தான் வேண்டும். பக்கத்து வீட்டுக்கு அடியில் இருக்கிற மண்தான் உங்கள் மனையிலும் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே மனையில் ஒரு மூலை இறுகிய சரளையாகவும், எதிர் மூலை எப்போதோ குப்பை கொட்டி மூடிய பள்ளமாகவும் இருக்கலாம், இப்படி இருப்பதுதான் ரொம்ப ஆபத்து. வீடு மொத்தமும் ஒரே அளவில் கொஞ்சம் இறங்கினால் சுவர் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஒரு மூலை மட்டும் இறங்கும்போதுதான் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறது. பைசா கோபுரத்தின் கதையும் இதுதான். 1173-ல் கட்ட ஆரம்பித்தார்கள், மூன்றாவது அடுக்கு வரும்போதே சாய ஆரம்பித்துவிட்டது. அடியில் இருந்த மிருதுவான களிமண் தெற்குப் பக்கம் அதிகமாக அமுங்கியதுதான் காரணம். எண்ணூறு வருடம் கழித்து, எதிர்ப்பக்கம், அதாவது வடக்குப் பக்கத்து அடிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவியெடுத்துத்தான் சாய்வைக் குறைக்க முடிந்தது.

வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டுவதற்கு முன்பே மனையின் மூலைகளிலும் நடுவிலும் குழி எடுத்துப் பாருங்கள். (ஆழமான குழிக்குள் தனியாக இறங்காதீர்கள், பக்கச்சுவர் எப்போது சரியும் என்று தெரியாது. மேலே நின்று பார்த்தாலே போதும்.) குழியின் சுவரில் உடைந்த செங்கல், பாலிதீன் பை, கரித்துண்டு ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் அது கொட்டி நிரவிய மண். எத்தனை அடி ஆனாலும் சரி, அதைத் தாண்டி இயற்கை மண்ணில்தான் அஸ்திவாரம் உட்கார வேண்டும். கரிசலாக இருந்தால் விஷயம் வேறு. மழையில் உப்பும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், சின்ன வீட்டைத் தூக்கிவிடுகிற பலம் அந்த உப்பலுக்கு உண்டு. ஈரம் ஏறி இறங்குகிற அந்த மேல்மண்ணைத் தாண்டிப் போயாக வேண்டும், அதற்கு அடிப்பகுதி குமிழ் மாதிரி விரிந்த பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்குகிற கான்கிரீட் தூண் போடுவார்கள். இதையெல்லாம் பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர்கள் செய்கிற சோதனையில் மர்மம் ஒன்றும் இல்லை: 63.5 கிலோ எடையை சுமார் 75 செ.மீ. உயரத்திலிருந்து மண்ணில் நிறுத்திய ஒரு குழாய்மேல் திரும்பத் திரும்பப் போட்டு, அது 30 செ.மீ. இறங்க எத்தனை அடி வாங்குகிறது என்று எண்ணுவார்கள். அறிக்கையில் அந்த எண்ணிக்கை ஒவ்வொரு ஆழத்துக்கும் எழுதியிருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: மழைக்காலம் வந்தாலே எங்கள் உறிஞ்சு குழி நிரம்பி, கழிவறையில் தண்ணீர் இறங்குவதில்லை. செப்டிக் டேங்கைப் பெரிதாகக் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: தயவுசெய்து அவசரப்படாதீர்கள். டேங்க் கசடைத்தான் பிடித்து வைக்கும். உள்ளே எவ்வளவு தண்ணீர் வருகிறதோ அவ்வளவும் வெளியே போயாக வேண்டும், அதைக் குடிக்க வேண்டியது மண். அது குடிக்க மறுக்கிறது என்றால் டேங்க் எவ்வளவு பெரிதாக இருந்து என்ன பயன்?

மழைக்காலத்தில் மட்டும் இந்தத் தொல்லை என்றால் நிலத்தடி நீர் மேலே ஏறி வந்து குழியின் அடியைத் தொடுகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இதைக் கோடையிலேயே கண்டுபிடிக்கலாம். பக்கத்தில் ஒரு குழி எடுத்து மண்ணின் நிறத்தைப் பாருங்கள். ஒரே சீராகச் சிவப்பாக இருந்தால் காற்று போய் வருகிற, நீர் வடிகிற மண். சாம்பல் நிறத்தில், நடுநடுவே துருப்பிடித்த மாதிரி ஆரஞ்சுப் புள்ளிகள் இருந்தால், வருடத்தில் சில மாதம் அந்த ஆழம்வரை தண்ணீர் நிற்கிறது. குழி தோண்டுகிற அன்றைக்கு அங்கே ஈரமே இல்லாமல் இருந்தாலும் அந்தப் புள்ளிகள் பொய் சொல்லாது. உறிஞ்சு குழியின் அடிக்கும் அந்த மட்டத்துக்கும் நடுவே ஒன்றரை, இரண்டு மீட்டர் காய்ந்த மண் இருப்பது நல்லது.

அப்புறம், மண் எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்று பாருங்கள். குழி வரப்போகிற ஆழத்தில் சின்னதாக ஒரு துளை எடுத்து, முதல் நாள் இரவே தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், காய்ந்த மண் முதல் தடவை ஆசையாகக் குடித்து ஏமாற்றிவிடும். மறுநாள் ஒரு சாண் தண்ணீர் நிரப்பி, மட்டம் 2.5 செ.மீ. இறங்க எத்தனை நிமிடம் என்று அளங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் அங்கே உறிஞ்சு குழி எடுபடாது, வேறு வழிதான் யோசிக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், வடிகட்டப்படாமலே கழிவு நீர் நேராகக் கீழே போகிறது. கிணறோ போர்வெல்லோ இருந்தால் 30 மீட்டராவது தள்ளியிருக்கட்டும்.

கேள்வி: தோட்ட மண் ஒரே களிமண். மணல் கலந்தேன், முன்னைவிட இறுகிவிட்டது. ஏன்?

பதில்: மணல் பருக்கைகளுக்கு நடுவே களி போய் அடைத்துக்கொள்கிறது, காய்ந்தால் செங்கல் மாதிரிதான் ஆகும். இனி மணலே வேண்டாம். நன்றாக மக்கிய உரத்தை வருடா வருடம் போடுங்கள், மேலே இலைதழை மூடாக்கு. ஈரமாக இருக்கும்போது மட்டும் கொத்தவோ மிதிக்கவோ கூடாது.

எவ்வளவு களி என்று தெரிய, ஒரு பிடி மண்ணைப் பிசைந்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கி நாடா மாதிரி நீட்டுங்கள். 5 செ.மீ. தாண்டியும் அறுந்து விழாமல் நின்றால் நல்ல களி, நாடாவே வராமல் உதிர்ந்தால் மணல். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் உரம் வாங்க ஓடாதீர்கள். காரத்தன்மை அதிகமான மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடிக்குக் கிடைக்காது. ஆய்வகத்துக்கு மண் அனுப்பும்போது ஒரே இடத்தில் அள்ளாமல் எட்டு, பத்து இடத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ அனுப்புங்கள். எருக்குவியல் இருந்த இடத்தையும் மரத்தடியையும் விட்டுவிடுங்கள்.