பியெசோவும் மைக்கும் ஒரே ஜாக்கில்: எந்த ப்ரீஆம்ப் வாங்கலாம்?

கேள்வி: என் அகூஸ்டிக் கிட்டாரில் சேடிலுக்கு (சரங்கள் படிந்திருக்கும் துண்டு) அடியில் ஒரு பேசிவ் பியெசோ (பேட்டரி இல்லாத, அழுத்தத்தைப் பிடிக்கும் பிக்கப்), உள்ளே ஒரு சின்ன மைக். இரண்டும் ஒரே ஜாக்கில் வருகின்றன. கையில் இருக்கும் ஒற்றைச் சேனல் ப்ரீஆம்பில் (சிக்னலைப் பெருக்கித் தரும் பெட்டி) செருகினால் மைக் கேட்பதே இல்லை, பியெசோவும் பாஸ் (கனமான கீழ்ச் சத்தம்) இல்லாமல் கீச்சென்று இருக்கிறது. எந்த ப்ரீஆம்ப் நல்லது?

பதில்: பெயர்கள் அப்புறம், முதலில் கேபிளைப் பாருங்கள். இப்படிப்பட்ட கிட்டார்களில் பெரும்பாலும் பிளக்கின் நுனியில் பியெசோவும் நடு வளையத்தில் மைக்கும் வரும். சாதாரண மோனோ கேபிளில் அந்த வளையமே கிடையாது, அது மைக்கை நேராக கிரவுண்டோடு சேர்த்துவிடும், அப்புறம் எங்கே கேட்பது? ஸ்டீரியோ கேபிளும், அதை இரண்டு சேனலாகப் பிரித்து வாங்கிக்கொள்ளும் ப்ரீஆம்பும் வேண்டும்.

கீச்சுக்குக் காரணம் அநேகமாக இன்புட் இம்பீடன்ஸ், அதாவது உள்ளே வரும் சிக்னலுக்கு ப்ரீஆம்ப் காட்டும் மின் எதிர்ப்பு. பேசிவ் பியெசோவுக்குக் குறைந்தது 1 மெகாஓம் தேவை, 10 இருந்தால் இன்னும் நிம்மதி. அதற்குக் கீழே போகப் போக பாஸ்தான் முதலில் காணாமல் போகும், ஈக்யூவை (டோன் திருகுகளை) எவ்வளவு திருகினாலும் சரியாக வராது.

மைக் கதை வேறு. கிட்டாருக்குள் வைக்கும் சின்ன மைக் பெரும்பாலும் எலெக்ட்ரெட் வகை, அதற்குச் சில வோல்ட் மின்சாரம் வேண்டும். கிட்டாருக்குள் பேட்டரி இருந்தால் அது அங்கிருந்தே வந்துவிடும், இல்லையென்றால் ப்ரீஆம்ப் தர வேண்டும். மிக்சரிலிருந்து வரும் 48 வோல்ட் ஃபேண்டம் பவர் இதற்கானது இல்லை, அதை நேராக மைக்குக்கு விட்டுவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகப் பார்ப்பது, ஒரு சேனலில் மட்டும் ஃபேஸை (சிக்னல் ஏறி இறங்கும் திசையை) மாற்றும் பட்டன் இருக்கிறதா என்பதைத்தான். பியெசோ சரத்தின் அழுத்தத்தைப் பிடிக்கிறது, மைக் காற்றின் அசைவைப் பிடிக்கிறது, இரண்டும் எதிரெதிராகப் போனால் தனித்தனியே நன்றாக இருந்த சத்தம் சேர்ந்ததும் ஒல்லியாகிவிடும். இரண்டையும் ஏற்றி வைத்து ஆறாவது சரத்தை மீட்டுங்கள், பட்டனைத் தட்டிப் பாருங்கள், எதில் பாஸ் நிறைவாக வருகிறதோ அதுதான் சரி. அடுத்தது மைக் சேனலில் ஹை-பாஸ் ஃபில்டர், அதாவது கீழ்ச் சத்தத்தை வெட்டி மேலே உள்ளதை மட்டும் விடுவது. பல கிட்டார்களின் உடம்பு 100 ஹெர்ட்ஸ் அக்கம்பக்கத்தில் நன்றாக அதிரும், ஃபீட்பேக்கும் (ஸ்பீக்கர் ஊளையிடுவது) அங்கேதான் அடிக்கடி ஆரம்பிக்கும். 200, 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே மைக்கை வெட்டிவிட்டு பாஸைப் பியெசோவிடம் கொடுத்துவிடுங்கள்.

சரி, பெயர்கள். கிரேஸ் டிசைன் ஃபீலிக்ஸ், ஹெட்வே இடிபி-2 இரண்டுமே இரட்டைச் சேனல் ப்ரீஆம்ப்கள், அங்கிருந்து தேட ஆரம்பிக்கலாம். செலவு அதிகம் என்றால் பியெசோவுக்கு மட்டும் நல்ல ஒரு டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) வாங்கி, ஸ்டீரியோவிலிருந்து இரண்டு மோனோவாகப் பிரியும் ஒய் கேபிள் போட்டு, மைக்கை (மின்சாரம் உள்ளேயே இருந்தால்) மிக்சரின் இன்னொரு சேனலில் விடுங்கள். பார்க்க அழகாக இருக்காது, வேலை நடக்கும்.

டிரம்ஸோடு வாசிப்பவர் என்றால் மைக் சேனலை மட்டும் எளிதில் நிறுத்த முடிகிறதா என்றும் கேட்டுவிட்டு வாங்குங்கள், சத்தமான மேடையில் அதை அணைத்துத்தான் வைக்க வேண்டியிருக்கும்.